ஒற்றை விரல் வணக்கம்

தேநீரிலும் செம்மண் வாசம் அடித்தது. போர்வையை உதறினால் செம்மண், பிஸ்கட் டின்னைத் திறந்தால் செம்மண்... அவுஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவே, காருக்குப் பின்னால் ஒரு கேரவனை இழுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் திரிந்த நாட்கள் அவை.

ரவி மெல்பேர்னில். குகன் லண்டனில். நான் இங்கே மொன்ட்ரியாலில். யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ‘பிள்ளையள் வளரட்டும், பேந்து போவம்’ என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த றோட்டில் எதிரே ஒரு வாகனம் வருவதே அபூர்வம். வந்தால், ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். முதல் ஆளைக் கண்டதும் குகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன்ரா இவன் எங்களுக்கு விரல் காட்டுறான்? நாங்கள் என்ன செய்தனாங்கள்?”

“அட விசரா, அது இந்த ஊர் வணக்கமடா!” ரவி விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்றிலிருந்து எதிரே வந்த ஒரு லொறியையும் குகன் விரல் உயர்த்தாமல் விடவில்லை.

ஒரு மத்தியானம் குகனின் சமையல். அரிசியைக் கழுவினான்... தண்ணீர் தெளியும்வரை கழுவினான். நம் வீடுகளில் அப்படித்தானே? ஆனால் அது கேரவன் டாங்கித் தண்ணீர், முழுக்கத் தீர்ந்துவிட்டது. இனி நிரப்புவதென்றால் மறுநாள் வரும் பெற்றோல் செட்டில்தான். குடிக்கப் போத்தல்கள் இருந்ததால் தப்பினோம்.

“தண்ணிக் குழாயையும் லண்டனிலை இருந்து கொண்டு வந்தனியோ?” ரவி வெடித்தான்.

“நாளைக்கே நான் பஸ் ஏறுறன்,” என்றான் குகன்.

அதன்பிறகு தபால்காரன் வேலை எனக்கு. கை நீட்டினால் மறுசுவர் தட்டும் அந்தக் கேரவனுக்குள்...

“அவனைக் கேள், தேத்தண்ணி வேணுமோ எண்டு,” என்பான் ரவி.

“வேண்டாமெண்டு சொல்லு.”

சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் பயம். இத்தனை வருடம் காத்திருந்தது இப்படியா முடியவேண்டும்?

மறுநாள் காலை பெற்றோல் செட். குகன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தான். சொன்னதைச் செய்கிறவன். எதிரே ரவி, நிரப்பிய தண்ணீர்க் கலனோடு வந்தான். நேருக்கு நேர் வந்ததும், பையின் பிடியிலிருந்து குகனின் ஒரு விரல் எழும்பியது. பழக்கதோஷம்! அவனே அதை எதிர்பார்க்கவில்லை.

ரவி நின்றான். கலனின் பிடியிலிருந்து அவனுடைய விரலும் எழும்பியது.

“இண்டைக்குச் சோறு ஆர் வைக்கிறது?” என்றான்.

“நான்தான். ஆனா அரிசி கழுவ மாட்டன்.”

பஸ் குகன் இல்லாமலே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது இங்கே மொன்ட்ரியாலின் டெகாரி நெடுஞ்சாலையில், பனிக்குள் ஊர்ந்து போகும்போது என் விரல் தானாக எழும்பும். எத்தனையோ கார்கள்... ஒருவரும் திருப்பிக் காட்டுவதில்லை. “அப்பா, ப்ளீஸ், விரலை இறக்குங்கோ, பிழையா நினைப்பினம்,” என்பாள் மகள்.

போன ஞாயிறு வீடியோ கோலில் ரவிக்கும் குகனுக்கும் மறுபடி முட்டிக்கொண்டது, அடுத்த பயணம் எங்கே என்று. குகன் பட்டென்று கட் பண்ணிவிட்டான். கொஞ்ச நேரத்தில் எங்கள் குரூப்பில் அவனிடமிருந்து ஒரு படம். வீட்டு வாசலில் நிறுத்திய கார், லண்டன் மழை, ஸ்டியரிங்கின் மேல் ஒற்றை விரல்.

ரவி பதில் போடுவான், தெரியும். நான் அரிசி கழுவப் போனேன்... ஒரே ஒரு தரம்.