மேட்டுத் தெருவுக்கு ஏறாத தண்ணீர்

உக்கிரபாண்டி அண்ணாச்சி பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு ஊருக்கு வந்தது எண்பத்து மூன்றில். மற்ற பட்டாளத்துக்காரர்கள் ரம் பாட்டிலும் டிரங்குப் பெட்டியுமாக வந்து இறங்குவார்கள். இந்த மனுசன் வந்ததும் வராததுமாகக் குடிதண்ணீர்ப் பேச்சை எடுத்துவிட்டார்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே இருக்கிறது. மலை இத்தனை பக்கத்தில் இருந்தும் ஊர்க்கிணறு பூராவும் உப்பு. அண்ணாச்சியின் மனைவி சுந்தரம்மாளும் பக்கத்து வீட்டுக்காரியான நானும் காட்டுக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர்க் குடங்களைத் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகச் சுமந்து வருவோம். சுந்தரம்மாளுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது.

"செத்த பொறு, குழாய் வந்துரும்" என்பார் அண்ணாச்சி.

"எப்ப? எம் பாடையோடவா?" என்பாள்.

மலையடி ஆற்றில் உறைகிணறு, அங்கிருந்து மோட்டார் வைத்து ஊருக்குள் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து தெருத்தெருவாகக் குழாய். இதற்காக ஆபீஸ் ஆபீஸாக நடையாய் நடந்தார். நாளைக்கு வாங்க என்பான் ஒருத்தன். அந்த சார் மாறிப் போயிட்டாரு என்பான் இன்னொருத்தன். நடந்து நடந்து தலை நரைத்துப் போனது.

ஒருவழியாக இடம் பார்க்க இன்ஜினியர் வந்தார். "உங்க மேட்டுத் தெருதான் தோதான இடம். இங்க தொட்டி கட்டினா ஊருக்கே தண்ணி தானா இறங்கிப் போயிரும்" என்றார்.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம் சார். தன் வாசலுக்குத் தொட்டியைக் கொண்டுபோயிட்டான்னு ஊரு பேசும். பள்ளத்துல இருக்க கீழத்தெருவுல கட்டுங்க. அங்கருந்து இங்க ஏறும்லா?"

"ஏறும். வழியில யாரும் அதிகமா இழுக்காம இருந்தா."

அட, ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டுமே! இந்த நல்ல பேரை வைத்துக்கொண்டு உலையா கொதிக்க வைக்க முடியும்? நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம்.

தொண்ணூற்று ஒன்றில் தண்ணீர் வந்தது. முதல் வாரம் எங்கள் தெருவுக்கும் ஏறியது. சுந்தரம்மாள் குழாயடியில் சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். பிறகுதான் கீழத்தெருக்காரர்கள் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்தால் மடமடவென்று கொட்டும். ஒரு வீட்டைப் பார்த்து இன்னொரு வீடு தோண்டியது. எங்கள் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது.

அண்ணாச்சி மண்வெட்டியோடு போய் ஒவ்வொரு வீடாகக் கெஞ்சினார். "மூடிருதோம் அண்ணாச்சி" என்பார்கள். அவர் தலை மறைந்ததும் மறுபடி தோண்டுவார்கள். சில குழிகளை அவரே மூடினார். அறுபதை நெருங்கிய உடம்பு, மூச்சு வாங்கும்.

ஒருநாள் நானும் கூடப் போனேன், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க. அந்தத் தெருவில்தான் அவர் மகள் செல்லக்கனியைப் புதிதாகக் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வீட்டு வாசலிலும் புதுக்குழி. முழங்கால் ஆழத்தில் குடத்தோடு அவளே நின்றாள்.

"அத்தை தோண்டச் சொன்னாகப்பா. நான் என்ன செய்ய?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மாவுக்கு நடக்க முடியலேல்லா. அவளுக்கும் ஒரு குடம் பிடிச்சு வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போங்க."

எதிர்வீட்டுக்காரன் வாசலில் நின்று, "என்ன அண்ணாச்சி, இந்தக் குழியை மூடலையா?" என்றான். பாவி!

அண்ணாச்சி மண்வெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். தெருவே பார்த்தது.

சுந்தரம்மாள் ஒரு செம்பு மோந்து குடித்தாள். எனக்கும் கொடுத்தாள், நானும் குடித்தேன். ஆற்றுத் தண்ணீர் இனிக்கத்தான் செய்தது. அவரிடமும் நீட்டினாள்.

"அலுப்பா இருக்கு, சுந்தரம்" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் குழியை மூடச் சொல்லவில்லை. செல்லக்கனி தினமும் அம்மாவுக்குக் குடம் அனுப்பினாள். அவர் மட்டும் சாகிறவரை ஊர்க்கிணற்று உப்புத் தண்ணீரையே குடித்தார்.