மேலே எறிந்த பந்து

அன்பரசுவின் கிரிக்கெட்டை யாரும் குறை சொல்ல முடியாது. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலேறிச் சிதம்பரம் வந்து, எங்கள் பல்கலைக்கழக அணிக்கு மூன்று வருடம் ஆடினான். பவுண்டரி ஓரம் அவன் நின்றால் உயரப் போன பந்து அவன் கைக்குள்தான். பிடித்த அடுத்த நொடி அதை வானத்துக்கு எறிந்து ஒரு கத்து கத்துவான். அந்தக் கைகளுக்கு ஆசைப்பட்டு அவனை ரக்பிக்கு இழுத்து வந்தவன் நான். ரக்பி அணித் தலைவன் கதிரவன் என்றால் பெரிய ஆள் என்று அப்போது என்னைப் பற்றி எனக்கே நினைப்பு.

முட்டை வடிவப் பந்தையும் அவன் தவறவிட்டதில்லை. 2012 இறுதி ஆட்டத்திலும் பிடிக்கத்தான் செய்தான். மூன்று புள்ளி முன்னால் இருந்தோம், விசில் ஊத ஒரு நிமிடம்கூட இல்லை. எதிரணிக்காரன் உயரமாக உதைத்த பந்தை எங்கள் கோட்டருகே அழகாகப் பிடித்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். பாழாய்ப்போன பழக்கம், பந்தை வானத்துக்கு எறிந்து கத்தினான்! ரக்பியில் பிடித்ததோடு ஆட்டம் நிற்காது. இறங்கிய பந்தை எதிரணிக்காரன் அள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தான், அவர்களுக்கு ஐந்து புள்ளி. கோப்பை போயிற்று.

"அறிவிருக்காடா ஒனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வருடந்தோறும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, பழைய மாணவர்கள் அதே மைதானத்தில் கூடுகிறோம். காலையில் கிரிக்கெட், மாலையில் ரக்பி. இப்போது திருப்பாதிரிப்புலியூரில் டைல்ஸ் கடையில் வேலை பார்க்கும் அன்பரசு ஒரு வருடமும் தவறியதில்லை. கிரிக்கெட் ஆடுவான். ரக்பிக்கு நான் பெயர் எழுதும்போது பக்கத்திலேயே வந்து நிற்பான். பத்து வருடம் நான் எழுதவில்லை. எனக்கு அப்படி ஒரு வீம்பு. அவனும் வாய் திறந்து கேட்டதில்லை. எங்கள் செல்போன், வாட்ச், மோதிரமெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பான்.

இந்த வருடம் அவன் மனைவி பிரிசில்லாவும் வந்திருந்தார்.

"அண்ணே, பொங்கல் முடிஞ்சதுமே ரக்பி ஷூவத் தொடச்சி பையில வெச்சிக்கிறாரு. வருசா வருசம் மண்ணு படாமயே திரும்பி வருது," என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் பெயராக அவனை எழுதினேன்.

ஆட்டம் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு ஓடினான். ஒரு பந்துகூட உயரமாக வரவில்லை. எல்லாரும் கிளம்பிய பிறகு என்னிடம் வந்தான்.

"மச்சான், ஒரே ஒரு வாட்டி ஒசரமா ஒதைடா."

என்னால் முடிந்த மட்டும் உயரமாக உதைத்தேன். பிடித்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"போதும் குடுடா, ரயிலுக்கு நேரமாவுது."

"இரு மச்சான். இன்னும் விசில் ஊதல."

இரண்டு விரலை வாயில் வைத்தேன். விசில் வரவில்லை, அழுகைதான் வந்தது.