ஏழு வருடத்தில் காசு திரும்பும்

சோலர் பனல் விற்க முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் நல்ல உயரமான ஒரு வெள்ளைக்காரர். அந்த மாதம் மெல்பேர்னில், ரோவிலில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு கூரைகளில் பனல் ஏறியிருந்தது. நாங்களும் விலை கேட்டுப் பார்ப்போமே என்று நான்தான் அவரைக் கூப்பிட்டிருந்தேன். மாலை ஆறு மணிக்கு வந்தார். அந்த நேரம் என் மனைவி பக்கத்து அறையில் டயாலிசிஸ் மெசினில் இருந்தாள்.

அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பழக்கிவிட்டு மெசினை வீட்டிலேயே பொருத்தித் தந்திருந்தார்கள். ஒன்றுவிட்ட ஒரு நாள், ஐந்து மணித்தியாலம். ஊசியை அவளே தன் இடக்கையில் ஏற்றிக்கொள்வாள். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கணத்தில் நான் யன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். பக்கத்தில் கட்டாயம் ஒருவர் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் பஸ் சாரதி. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வீடு வந்த பிறகுதான் தொடங்குவோம். எல்லாம் கழற்றித் துடைத்து முடிய பத்தரையைத் தாண்டிவிடும்.

மெசினுக்கும், அதற்கான தண்ணீரைச் சுத்தமாக்கும் பெட்டிக்கும் நிறைய மின்சாரம் வேண்டும். அரசாங்கம் ஒரு சலுகை தந்தது. அப்படியிருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை நான் உடனே திறப்பதில்லை.

வந்தவர் தன் கையிலிருந்த திரையில் எங்கள் வீட்டை வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினார். பத்தொன்பது வருடம் குடியிருந்த வீட்டின் கூரையை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அதன்மேல் விரலால் நீலப் பெட்டிகளை இழுத்து இழுத்து வைத்தார். பிறகு ஒரு விலையைச் சொல்லி, அதைத் தாளில் எழுதியும் தந்தார். ஏழு வருடத்தில் காசு திரும்பிவிடும், அதற்குப் பிறகு வெயில் இலவசம் என்றார். இன்றைக்கே கையெழுத்து வைத்தால் ஆயிரம் டொலர் குறைக்கலாம் என்றும் சொன்னார்.

அறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ. ஏழு வருஷம் எண்டோ சொல்லுறார்?"

"ஓம். ஏழு வருஷத்திலை போட்ட காசு வந்திடுமாம். நல்ல விஷயம்தானே?"

நான் திரும்பிப் போய், யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். மெசின் முடிந்து, ஊசி இருந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"இன்னும் ஏழு வருஷம் நான் இந்தக் கதிரையிலைதான் இருப்பன் எண்டு முடிவெடுத்திட்டீங்களோ?"

மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் அவளுடைய பெயர் இருந்தது. என்னுடையதைக் கொடுக்கலாம் என்று முதலில் என்னைத்தான் பரிசோதித்தார்கள். நீரிழிவு இருப்பதால் முடியாது என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் தலை நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் தெரிந்துகொண்டே நான் அவளுக்குக் கேட்கும்படி ஏழு வருடத்துக்கு விலை பேசியிருந்தேன்.

"நான் அப்பிடி நினைச்சுக் கேக்கேல்லையப்பா," என்றேன்.

"தெரியும். ஆனால் அந்தப் பேப்பர் அப்பிடித்தானே சொல்லுது."

அந்தத் தாளை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். சில மாதம் நாங்கள் சோலரைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த கோடையில், கடும் வெயிலும் வடக்கிலிருந்து நெருப்புக் காற்றும் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் நின்றது. ஞாயிறு எனக்கு விடுமுறை என்பதால் பகலிலேயே டயாலிசிஸைத் தொடங்கியிருந்தோம். இரண்டு மணியிருக்கும். ஒரே நேரத்தில் காற்றாடி நின்றது, குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நின்றது, மெசின் அலறத் தொடங்கியது. சிவப்பு விளக்கு மினுங்கியது. அவளுடைய இரத்தம் குழாய்க்குள் அசையாமல் நின்றதை என் கண்ணால் கண்டேன்.

பயிற்சியில் இதைச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் நான் அலறலை நிறுத்தும் பொத்தானையே தேடிக்கொண்டிருந்தேன். அவள்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பதறாதேங்கோ. முதல்லை அந்த சலைன் பையைத் திறவுங்கோ. ஓம், அதுதான். இப்ப மெசினிலை இருக்கிற கைப்பிடியை எடுத்து மாட்டுங்கோ. அம்பு காட்டுற பக்கம் சுத்துங்கோ. மெல்ல, மெல்ல."

நான் சுற்றினேன். பம்பு கரகரவென்று திரும்பியது. சலைன் பின்னால் தள்ள, சிவப்பு மெதுவாக நகர்ந்து அவளுடைய கைக்குள் போனது. வியர்வை என் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கப் பயந்து அப்படியே சுற்றினேன். குழாய் வெளிறி இளஞ்சிவப்பாகி, பிறகு தெளிந்த தண்ணீர் போலாகும் வரை பத்து நிமிடம் எடுத்தது. அவள் ஊசியைக் கழற்றிய பிறகுதான் நான் நிலத்தில் உட்கார்ந்தேன்.

"கெட்டிக்காரன்," என்று சிரித்தாள். அவளுடைய உதடும் காய்ந்துதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "கூரையிலை சோலர் இருந்திருந்தால் இது நிண்டிருக்காது, என்ன?"

"நிண்டிருக்காது," என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

"அப்ப ஆரையாவது கூப்பிடுங்கோ. அந்த உயர மனுசன் வேண்டாம்."

எனக்கு ஒரே ஒருவரைத் தெரியும். மல்கிரேவில் அலுவலகக் கட்டடங்களுக்கு முன்னாலுள்ள தரிப்பில் நாள்தோறும் காலையில் என் பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒரு கோயம்புத்தூர்க்காரர். ஒரு மழை நாளில் அவர் போனில் தமிழ் பேசியபடி இறங்க, "பாத்து இறங்குங்கோ, வழுக்கும்" என்று சொல்லிவிட்டேன். படியிலேயே நின்று திரும்பி, "அண்ணா, நீங்க தமிழா!" என்றார். அதிலிருந்து பழக்கம். மின் பொறியாளர். பெரிய கட்டடங்களுக்கு சோலர் வடிவமைப்பதுதான் அவருடைய வேலை. கேட்டவுடனே சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. ஏணி கேட்டு வாங்கிக் கூரையில் ஏறினார். ஓடுகளைத் தட்டிப் பார்த்தார். இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து வருவதால் பனலை வடக்கைப் பார்க்கும் தெருப்பக்கக் கூரையில்தான் போட வேண்டும் என்றார். பிறகு வீட்டுப் பக்கச் சுவரிலுள்ள மின்பெட்டியைத் திறந்து போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தார். உள்ளே பழைய பீங்கான் பியூஸ்கள் வரிசையாக இருந்தன.

"இதை மொத்தமா மாத்தாம எதையும் பொருத்த முடியாதுங்கண்ணா. தனிச் செலவு. மொதல்ல வந்தவர் சொல்லலையா?"

முதலில் வந்தவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

தேநீர் குடிக்கும்போது, சோலர் இருந்தால் மின்சாரம் போனாலும் மெசின் நிற்காதுதானே என்று மனைவி கேட்டாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இல்லீங்க அக்கா. கரண்ட் போச்சுன்னா சாதாரண சோலரும் சேர்ந்து நின்னுடும். தெருவுல கம்பியில வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க."

"வெயில் எறிச்சுக்கொண்டு நிண்டாலுமோ?"

"எவ்வளவு வெயில் அடிச்சாலும். ஓடணும்னா பேட்டரி வேணும். அதுக்குத் தனியா ஒயரிங் வேணும். பேனலுக்கு ஆகறதைப் போல ரெண்டு மடங்கு பேட்டரிக்கே ஆயிடும்."

"ஆகட்டும், போடுவம்," என்றேன் நான். என் காதில் இன்னும் அந்த அலறல் இருந்தது. கடன் எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் எனக்குப் பதில் சொல்லாமல் அவளைப் பார்த்தார். "கரண்ட் போனா உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும் அக்கா?"

"ரத்தம் திரும்பி உள்ளுக்குப் போகப் பத்து நிமிஷம். அதுக்குக் கையாலை சுத்த ஒரு பிடி இருக்கு. இவர்தான் சுத்தினவர்."

"பயந்துட்டாரா?"

"நல்லாப் பயந்தவர். ஆனால் சுத்தினவர்."

மூவருமே சிரித்தோம். பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்.

"அப்ப அந்தப் பத்து நிமிஷத்துக்காக இவ்வளவு காசு போட வேண்டாம்ணா. பின்னாடி வெலை இறங்கினா பார்த்துக்கலாம். ஆனா ஒண்ணு. நீங்க மெஷினை சாயங்காலம் ஓட்டறீங்க. வெயில் அடிக்கறப்ப உண்டாகற கரண்டை அப்பவே செலவு பண்ணினாத்தான் லாபம். மிச்சத்தை கம்பெனிக்காரன் சும்மா சில்லறைக்குத்தான் எடுத்துக்குவான். மெஷினைப் பகல்ல ஓட்ட முடியுமா?"

அது என் வேலை நேரத்தைப் பொறுத்த விஷயம். பார்க்கிறேன் என்றேன்.

அவர் புறப்பட எழுந்தபோது அவள் சொன்னாள்: "தம்பி, இன்னொண்டு கேக்க வேணும். ஏழு வருஷத்திலைதான் காசு திரும்புமாம். இடையிலை எனக்கு ஒரு கிட்னி கிடைச்சிட்டால்? பிறகு இந்த மெசின் தேவையில்லையே. போட்ட காசு நட்டம்தானே?"

இந்தக் கேள்வியை அவள் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"கெடைச்ச அன்னைக்கு வீட்டுல இருக்கற எல்லா ஏசியையும் போட்டு விடுங்க அக்கா. ஜன்னலையும் தொறந்து வெச்சுக்குங்க. நட்டமானா ஆகட்டுமே."

அவள் சிரித்தது வாசல் வரை கேட்டது. அவரை வழியனுப்பிவிட்டு நான் உள்ளே வந்தபோது, குசினியைப் புதுப்பிக்க என்று அவள் சேர்த்து வைத்திருந்த படங்களையெல்லாம் மேசையிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"குசினி இப்பிடியே கிடக்கட்டும்," என்றாள். "சமைக்கலாம்தானே. நீங்கள் டிப்போவிலை கதையுங்கோ."

குசினிக்காக வங்கியில் போட்டிருந்த காசு, அரசு மானியம் போக பனலுக்கும் புது மின்பெட்டிக்கும் சரியாக இருந்தது. டிப்போவில் கதைத்தேன். முதல் பஸ்ஸை எடுக்கும் வேலை நேரம் ஒன்று காலியாக இருந்தது. யாரும் விரும்பி எடுக்காதது. நாலு மணிக்கு முன்னமே எழும்ப வேண்டும். ஆனால் பன்னிரண்டரைக்கு வீட்டில் நிற்கலாம். எந்த விலைப் பத்திரத்திலும் இல்லாத இந்தச் செலவை நான் அவளிடம் பெரிதாகச் சொல்லவில்லை. முதல் கிழமை சாப்பாட்டு மேசையிலேயே நான் நித்திரையானபோது அவளுக்கு விளங்கிவிட்டது.

பனல் பூட்ட மூன்று பேர் வந்தார்கள். மெசின் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தோம். வீட்டு மின்சாரத்தை மதியம் வரை நிறுத்தினார்கள். அவள் குடை பிடித்துக்கொண்டு வாசல் புல்லில் நின்று முழுவதையும் பார்த்தாள். ஏழு ஓடுகள் உடைந்தன. எங்கள் வீட்டு ஓடு இப்போது யாரும் செய்வதில்லையாம். எங்கிருந்தோ பழைய ஓடுகள் கொண்டுவந்து மாற்றினார்கள். அந்த இடம் மட்டும் நிறம் வேறாகத் தெரிகிறது. வேலை ஒரே நாளில் முடிந்தது. மீட்டர் மாற்றி அனுமதி வர மூன்று கிழமை பிடித்தது. அதுவரை நல்ல வெயிலெல்லாம் சும்மா போனது. நான் தினமும் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒரு மணிக்கு, அவள் மெசினில் இருந்தாள். கூரை என்ன தருகிறது, வீடு என்ன எடுக்கிறது என்பதை என் போன் காட்டிக்கொண்டிருந்தது. மெசின் சூடாகும்போது எண் ஏறியது. கூரையிலிருந்து வந்தது அதைவிடக் கூட. ஐந்து மணித்தியாலத்தில் அந்த எண்களை அவளுக்கு எத்தனை தடவை வாசித்துச் சொன்னேனோ தெரியாது.

"போனைப் பாத்தது காணும்," என்றாள். "என்னை ஒருக்காப் பாருங்கோ. தேத்தண்ணி வேணும்."

பில் குறைந்தது. மெல்பேர்ன் குளிர்காலத்தில் நான் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. கோயம்புத்தூர்க்காரர் முன்னமே அதைச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஏறும்போது "எப்படிண்ணா ஓடுது?" என்று கேட்பார். முகில் நாட்களில் நான் முறைப்பாடு சொல்லுவேன்.

ஒரு முறை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு சிறுநீரகம் இருக்கிறது, உடனே வரச் சொன்னார்கள். போனோம். இரத்தம் எடுத்தார்கள், காத்திருந்தோம். கடைசியில் இன்னொருவருக்கு அதைவிட நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள். திரும்பி வரும்போது காரில், "ஆருக்கோ கிடைச்சதுதானே," என்று சொன்னாள். வீடு வந்து சோறு சாப்பிட்டோம். மறுநாள் ஒரு மணிக்கு வழக்கம்போல ஊசி ஏற்றினாள். அன்றைக்கு நான் யன்னல் பக்கம் திரும்பவில்லை.

நாங்கள் எதிர்பாராதது மாலை நேரங்கள்தான். ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். கோடையில் அதற்குப் பிறகும் இரண்டரை மணித்தியாலம் வெளிச்சம் இருக்கும். முதல் சில நாட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். பிறகு நடக்கப் போனோம். மன்னாரில் சிறுவயதிலிருந்தே அவள் மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தவள். இங்கேயும் தமிழ்ப் பூசைக்குப் பாடினாள். பாடல் பயிற்சி வியாழக்கிழமை மாலைகளில் என்பதால் சிறுநீரக வருத்தம் வந்த பிறகு விட்டுவிட்டாள். அதற்குத் திரும்பவும் போகத் தொடங்கினாள்.

போன வியாழன் பயிற்சி முடியும் வரை நான் கார் தரிப்பிடத்தில் காத்திருந்தேன். அவள் வந்து ஏறியபோது குரல் கட்டியிருந்தது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முழங்காலில் விரித்துத் தேய்த்தாள்.

"இதிலை நடுவிலை இருக்கிற நாலு வரி நான் தனியப் பாட வேணுமாம்," என்றாள். "என்னாலை ஏலாது எண்டு சொன்னனான். அவையள் விடுகினமில்லை."

"ஒருக்காப் பாடிக் காட்டும்."

"காரிலையோ?"

"இஞ்சை ஆர் இருக்கினம், என்னைத் தவிர?"

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.