தம்பி டொச்சில் சொன்னது

சுவிஸின் லுசேர்ண் நகரத்தில் மாசி மாதம் முகமூடித் திருவிழா வரும். ஃபாஸ்நாக்ட் என்பார்கள். விடியுமுன்பே ஏரியில் பெரிய வெடியொன்றைப் போட்டுத் தொடங்கிவைப்பார்கள். பிறகு தெருவெல்லாம் மேளமும் ஊதுகுழலும்தான். தம்பி வந்து சேர்ந்த முதல் வருடம், வெடிச்சத்தத்துக்கு அவன் பயந்துவிடுவானே என்று முதல்நாளே சொல்லிவைத்திருந்தேன். அவன் பயப்படவில்லை. கட்டிலில் புரண்டு படுத்து, "உதுதானோ?" என்று மட்டும் கேட்டான்.

மத்தியானம் இருவரும் வேலைக்கு நடந்துபோனோம். ஏரிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டல் குசினியில் நான் மரக்கறி வெட்டினேன், அவன் கோப்பை கழுவினான். பாலத்தடியில் வேடம் போட்ட கூட்டமொன்று எங்களை மறித்தது. அதில் ஒருவன் சாக்குத் துணியால் முகத்தை மூடி, கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டிருந்தான். பகிடிக்காகத் தம்பியின் முன்னால் வந்து நின்று, தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

தம்பி அந்த இடத்திலேயே முழங்காலில் இருந்துவிட்டான். கைகள் இரண்டும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின. கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு அந்தப் பெடியன் பயந்துபோய்ச் சாக்கைக் கழற்றினான். உள்ளே வியர்த்துச் சிவந்த ஒரு பிள்ளை முகம். மன்னிப்புக் கேட்டுக்கேட்டு அவனே தம்பியைத் தூக்கப் பார்த்தான். தம்பி எழும்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால், ஆமி இப்படித்தான் ஒருவனைச் சாக்கால் மூடிக் கொண்டுவந்து நிறுத்தும். வரிசையில் போகிறவர்களில் யாரைப் பார்த்து அவன் தலையாட்டுகிறானோ அவனை ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள். தம்பியையும் எங்கள் கடைசித் தம்பியையும் அப்படி ஒரே நாளில் ஏற்றினார்கள். நான் அதற்கு முன்பே சுவிசுக்கு வந்துவிட்டேன். பல மாதங்களின் பின் தம்பி மட்டும் ஆமிக் காம்பிலிருந்து வெளியே வந்தான். சின்னவனைத் தெற்குப் பக்கம் வேறு சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா அன்றிலிருந்து சின்னவனைத் தேடிச் சிறை சிறையாக அலைந்துகொண்டிருந்தா. தம்பியை எப்படியோ கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து என்னிடம் ஏற்றிவிட்டா.

பாலத்தடியில் விழுந்த பிறகு தம்பி சாப்பிடுவதை விட்டான். என்னோடு கதைப்பதையும் விட்டான். கேட்டதற்கு 'ஓம்', 'இல்லை' மட்டும். வேலைக்கு வருவான், பாத்திரம் கழுவுவான், அறைக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

அகதிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு மருத்துவக் காப்புறுதி இருந்தது. அதைக் கிராங்கன்காசே என்பார்கள். அந்தக் காசே காட்டிய மனநல மருத்துவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர், ஆனால் வாசலில் ஆட்கள் நிறைய. நான் மொழிபெயர்க்க, நித்திரை வருகிறதா, பசிக்கிறதா, சாகவேண்டும் போல இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தம்பி 'இல்லை' என்றான். குளிசை எழுதித் தந்தார். குளிசையைப் போட்டால் நன்றாகத்தான் தூங்கினான். ஆனால் பகலிலும் தூங்கினான். கையில் இருந்த கோப்பைகள் நழுவி விழுந்தன. தலைமைச் சமையல்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உன் தம்பி நல்ல பையன். ஆனால் இப்படியே போனால் வேறு ஆளைத்தான் பார்க்கவேண்டி வரும்" என்றார்.

குளிசை வேண்டாம், இருந்து கதைக்கிற ஆள்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் விஷயங்களைப் பார்த்த சமூகசேவகியிடம் கேட்டேன். அப்படியானவர்கள் இருக்கிறார்கள், உளவியல் படித்தவர்கள், ஆனால் அவர்கள் டொக்டர்கள் இல்லை, ஆகவே அவர்களுக்குக் கிராங்கன்காசே பணம் கொடுக்காது என்றா. "காசே பணம் கொடுக்கிற டொக்டர்களில் அப்படி ஒருவரும் இல்லையோ?" என்றேன். இருக்கிற ஓரிருவரிடமும் இடமில்லை, இடம் வந்தாலும் மொழி தெரியாத ஆளை எடுக்கமாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னா.

வேலை இடைவெளிகளில் தபால் நிலையத்துக்குப் போய், அங்கிருந்த தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தேன். எனக்குத் தெரிந்த டொச், அதுதான் ஜெர்மன், உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கக் காணும். மனசு என்பதை அதில் எப்படிச் சொல்வது? "தம்பிக்குச் சுகமில்லை, தலையில் இல்லை, உள்ளே" என்பேன். சிலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இடமில்லை என்றார்கள். ஒருவர், தமிழர்களா என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார். தமிழர்கள் போதைப்பொருள் விற்கிறவர்கள் என்று அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் வந்த கதைகள் அப்படி.

வழி கிடைத்தது ஹோட்டலிலேயேதான். துணி மினுக்கும், அதாவது இஸ்திரி போடும், அறையில் ஒரு சுவிஸ்காரி வேலை செய்தா. அதிகம் கதைக்கமாட்டா. ஒருநாள் நான் குசினிச் சட்டைகளை எடுக்கப் போனபோது, "உன் தம்பி என்ன, இப்படி மெலிந்துகொண்டு போகிறான்?" என்று கேட்டா. எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். அவ மினுக்குப்பெட்டியை நிமிர்த்தி வைத்தா.

"என் மகன் ஆற்றில் குதித்துச் செத்துப்போனான். அதற்குப் பிறகு நான் ஒரு பெண்ணிடம் போனேன். கன நாள் போனேன். இங்கே ஒருவருக்கும் தெரியாது."

பிறகு விலாசத்தைச் சொல்லித்தந்து, தன் பேரைச் சொல்லும்படியும் சொன்னா. அவ அடுத்த சட்டையை எடுத்து விரித்துவிட்டா.

அந்தப் பெண் இருந்த வீடு நகரத்துக்கு மேலே, ஏற்றமான தெருவொன்றில் இருந்தது. நரைத்த கூந்தலைக் கட்டையாக வெட்டிய, உயரமான மனுஷி. மருத்துவமனை வாசம் இல்லாத அறை. மூன்று கதிரை, ஒரு யன்னல். கிராங்கன்காசே பணம் கொடுக்காது என்று முதலே சொல்லிவிட்டேன். உங்களால் இயன்றதைத் தாருங்கள், அதைப் பற்றி இனிக் கதைக்கவேண்டாம் என்றா. பிறகு, "யார் மொழிபெயர்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டா.

"நான்தான்" என்றேன்.

"இல்லை. உங்களிடம் சொல்ல முடியாததை உங்கள் வாயால் அவர் எப்படிச் சொல்வார்?"

எனக்குக் கோபம் வந்தது. நான் இவனுடைய கூடப்பிறந்தவன், எனக்குச் சொல்ல முடியாதது என்ன இருக்கிறது? வேறொரு தமிழரை ஒழுங்குசெய்யலாமா என்று அவ கேட்டா. நான் தமிழில் தம்பியைக் கேட்டேன். கன நாளுக்குப் பிறகு அன்றுதான் அவன் ஒரு முழு வசனம் பேசினான்.

"வேண்டாம் அண்ணை. ஆர் எந்த இயக்கம், ஆர் ஆருக்குச் சொல்லுவினம் எண்டு எனக்கென்ன தெரியும்?"

ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கங்களுக்கு இங்கேயும் ஆட்கள் இருந்தார்கள். பிறகு அவன் அவவைப் பார்த்து, "இஷ். டொச்" என்றான். நானே டொச்சில் சொல்கிறேன் என்பதுதான் அது. அவனுக்குத் தெரிந்த டொச் எனக்குத் தெரிந்ததிலும் குறைவு. சூடு, குளிர், ஊத்தை, சுத்தம், உடைந்தது, முடிந்தது. கழுவும் தொட்டியடியில் கேட்கிற சொற்கள். தொடங்குவதற்கு அது போதும் என்றா அந்தப் பெண்.

கிழமைக்கொருமுறை அவனைக் கூட்டிக்கொண்டு போய், வெளியே படிக்கட்டில் இருப்பேன். கதவுக்குப் பின்னால் முதல் மாதங்களில் சத்தமே இல்லை. உள்ளே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா இருக்கிறம்" என்பான். ஆனால் சாப்பிடத் தொடங்கினான். அது போதுமென்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு அவன் என்னிடம் சொற்கள் கேட்கத் தொடங்கினான். வேலைக்கு நடந்து போகும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்பான்.

"அண்ணை, ஈரம் எண்டதுக்கு டொச்சிலை என்ன?"

"நாஸ்."

"நிலம் ஈரம் எண்டா?"

சொன்னேன். பிறகொருநாள் தாகம் என்பதற்குக் கேட்டான். இன்னொரு நாள் மூச்சு. அந்தச் சொல் எனக்கும் தெரியவில்லை, துணி மினுக்கும் அம்மாவிடம் கேட்டு வந்து சொன்னேன். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவான் என்று பயமாக இருந்தது. கேட்காமல் இருப்பதும் பயமாகத்தான் இருந்தது. வெங்காயம் உரிக்கும்போது அந்தச் சொற்கள் எனக்குள் தாமாக ஒன்றோடொன்று சேரும். கையை வேகமாக ஓட்டி அவற்றைக் கலைத்துவிடுவேன்.

கோடை தொடங்கிய நேரம், ஏரிக்கரைப் பஸ் தரிப்பில் நின்றபோது கேட்டான்:

"அண்ணை, ஒருத்தற்றை கண்ணை மூடிவிடுறது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. அடுத்த பஸ் வருவதற்கு முன் அந்த வசனத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். உச்சரிப்புச் சரியாகவே இருந்தது.

அன்று அந்தப் பெண் கதவைத் திறந்து, தம்பி விரும்புகிறான், நீங்களும் உள்ளே வாருங்கள் என்றா. மூன்றாவது கதிரையில் இருந்தேன். தம்பி என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மைன் க்ளைனர் புரூடர் இஸ்ட் டோட்."

என் சின்னத் தம்பி செத்துவிட்டான். அந்த மொழியில் அது எத்தனை சின்ன வசனம்.

"என்னடா சொல்லுறாய்? தமிழிலை சொல்லு" என்றேன்.

"தமிழிலை ஏலாது அண்ணை. தமிழிலை சொன்னா அம்மாவுக்குச் சொல்லுற மாதிரி இருக்கு."

மிச்சத்தையும் டொச்சிலேயே சொன்னான். ஒரே அறையில்தான் வைத்திருந்தார்களாம். நிலம் ஈரம். அடிபட்ட பிறகு சின்னவனுக்குக் காய்ச்சல். தண்ணீர் கேட்டான், தண்ணீர் இல்லை. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. விடிந்த பிறகு மூச்சு முடிந்தது. தம்பிதான் அவனுடைய கண்களை மூடிவிட்டான். பிறகு வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லாச் சொற்களும் எனக்குத் தெரிந்த சொற்கள். பாதிக்கு மேல் நானே கொடுத்தவை.

தன்னை விட்டபோது அம்மா காம்பு வாசலில் நின்றாவாம். கட்டிப்பிடிக்க முதல், "மற்றவன் எங்கை?" என்றுதான் கேட்டாவாம். அப்போது வாயில் வந்தது 'தெற்குப் பக்கம்' என்ற சொல். வந்தது வந்ததுதான், பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மா வெயிலில் வரிசை வரிசையாக நின்ற வருடங்கள் கண்ணுக்கு முன் வந்தன. எழுந்து அவனை அடித்திருப்பேன். அந்தப் பெண் என் தோளில் கையை வைத்தா. அதற்குப் பிறகுதான் அழுதேன். தம்பி வந்து என் காலடியில் நிலத்தில் இருந்தான். ஊரில் பகலெல்லாம் சின்னவன் அவன் பின்னாலேயே திரிவான், சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு போவதும் இவன்தான். யாரை நான் அடிப்பது?

அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்தவன் தம்பிதான். அதற்கு அவனுக்கு இன்னும் சில மாதங்கள் வேண்டியிருந்தன. யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடைத் தொலைபேசிக்கு அம்மாவை வரச்சொல்லி ஆள் மூலம் சொல்லியனுப்பினோம். தபால் நிலையக் கூண்டுக்குள் இருவரும் நெருங்கி நின்று ஒரே றிசீவரில் காதை வைத்தோம்.

"அம்மா, சின்னவன் இல்லையம்மா. அவன் காம்புக்குள்ளையே செத்துப்போனான்."

தமிழில்தான் சொன்னான்.

அம்மா "ஆர் உனக்குச் சொன்னது?" என்றா.

"நான் பக்கத்திலை இருந்தனான் அம்மா."

"நீயும் காய்ச்சலிலை இருந்திருப்பாய் ராசா. உனக்கு என்ன தெரியும்? அவனைப் போல ஒரு பெடியனைத் தெற்கிலை கண்டவை எண்டு போன கிழமையும் ஒராள் வந்து சொன்னது." குரல் சாதாரணமாகவே இருந்தது. "நீ ஒழுங்காச் சாப்பிடுறியோ? அண்ணையும் நீயும் சண்டை பிடிக்காமல் இருங்கோ."

"அம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

"வைக்கிறன் ராசா. கடைக்காரர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

அவ நம்பவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தரம் எடுத்தாலும் அந்தக் கதைக்கு மட்டும் வரமாட்டா. தேடுவதையும் நிறுத்தவில்லை. தம்பி அன்று அறைக்கு வந்து, "நான் சொல்லிப்போட்டன் அண்ணை, என்ன?" என்று கேட்டான். ஓம், நீ சொல்லிவிட்டாய் என்றேன். காலணியோடேயே படுத்து, குளிசை இல்லாமல் மறுநாள் மத்தியானம் வரை தூங்கினான்.

அந்தப் பெண்ணிடம் அவன் பிறகும் போய்வந்தான். நான் படிக்கட்டில் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. அவ வயதாகி வேலையை நிறுத்திய பிறகும் சில ஞாயிறுகளில் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறிப்போவான். அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு முழுக்கச் சுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாசி மாதத்தில் அவன் நகரத்துக்குள் வருவதே இல்லை. ஆனால் சிரிப்பான், சண்டை பிடிப்பான், டொச்சில் எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் கதைப்பான்.

அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் சின்னவனுக்கு நாங்கள் ஒரு கிரியையும் செய்யவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவ காத்திருக்கும்போது நாங்கள் எப்படிப் பிண்டம் வைப்பது? சில வருடங்களின் பின் அம்மா மார்புச் சளியில் போய்விட்டா. போகவும் முடியவில்லை, எங்களுக்குப் பயண அனுமதி இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, ஒரு உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஐயர் ஒருவரைக் கூட்டிவந்து, ரொய்ஸ் ஆற்றங்கரையில், ஆட்கள் வராத ஒரு வளைவில் இருந்தோம். அம்மாவுக்கு முடித்த பிறகு, தம்பி ஐயரிடம், இன்னும் ஒராளுக்கும் செய்யவேண்டும் என்றான்.

"அந்த ஆளின்ரை திதி என்ன?" என்று ஐயர் கேட்டார்.

"நாள் தெரியாது ஐயா. விடிஞ்சு கொஞ்ச நேரம். அவ்வளவுதான் தெரியும்."

ஐயர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நாள் தெரியாட்டில் அமாவாசைதான்" என்று சொல்லி, தர்ப்பையைத் தம்பியின் விரலில் மாட்டி, பேரைச் சொல்லச் சொன்னார். தம்பி சின்னவனின் முழுப்பேரையும், அப்பாவின் பேரோடு சேர்த்து, ஆற்றுக்குக் கேட்கும்படி சொன்னான்.

அன்று மாலை இருவருக்கும் வேலை இருந்தது. ஆற்றில் முழுகிவிட்டு, கரையில் நின்று உடுப்பு மாற்றினோம். தண்ணீர் மிகவும் குளிர்.