இருபத்தாறு மணிக்குப் போன மெயில்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான். ஆனால் இந்த ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்ட் என் ஆட்கள் கைபட்டால்தான் ஏறி இறங்கும். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதற்குச் சாட்சி கொக்கி.

கொக்கி என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு கேள்வி மாட்டினால் விடமாட்டாள். எங்கள் அலுவலகத்தில் போன் எடுக்க வந்தவள், படுத்துக் கிடந்த கம்ப்யூட்டரைப் பிரித்துப் பூட்டி எழுப்பிவிட்டாள். அன்றே அந்த அறைச் சாவியை அவளிடம் கொடுத்தேன். அவள் மேசையில் தண்ணீர் பாட்டில்கூட வைக்கக்கூடாது. முதலாளிக்கும் அதே சட்டம்தான்.

போன வருடம் ஒரு குடியிருப்பில் செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் சறுக்கி, ஒருவருக்குக் கால் முறிந்தது. அந்த லிஃப்டைக் கவனித்து வந்தவர் என் தங்கையின் கணவர், எங்கள் தலைமை மெக்கானிக். அதற்கு முந்தின ராத்திரியே கம்பிக் கயிற்றில் இழைகள் அறுந்திருப்பதைக் கண்டு, லிஃப்டை நிறுத்திவிட்டு, ஓட்டாதீர்கள் என்று கட்டிட மேனேஜருக்கு மெயில் அனுப்பியதாகச் சொன்னார். மெயிலே வரவில்லை என்று மேனேஜர் சாதித்தார். மெயிலைக் காட்டாவிட்டால் மாப்பிள்ளையின் லைசென்ஸ் போய்விடும். மெயில்களைச் சேர்த்து வைக்கும் எங்கள் மெஷினோ கருகிப்போயிருந்தது.

கொக்கி பழைய நகல்களிலிருந்து மெயில்களை மீட்டு, புது மெஷினில் அடுக்கினாள். விசாரணைக்கு முந்தின நாள் அந்த மெயில் கிடைத்தது.  ஆனால் அதில் இருந்தது விபத்து நடந்த தேதி இல்லை, அதைத் திறந்த அந்த நாளின் தேதி!

"என்னம்மா இது? இப்பதான் எழுதின மாதிரி இருக்கு. இதைக் காட்டினா நம்மளையே உள்ள தள்ளிடுவாங்க!"

"கத்தாதீங்க முதலாளி. உள்ள பழைய வரி அப்படியே இருக்கு பாருங்க. திங்கக்கிழமை, இருபத்தாறு மணி பத்து நிமிஷம். அப்படி ஒரு மணி உண்டுன்னு புது மெஷினுக்குத் தெரியாது. புரியலைன்னதும் இன்னைக்குத் தேதியை ஒட்டிடுச்சு."

எங்கள் கம்பெனியில் நான் வைத்த சட்டம் அது. வேலை முடிந்து ஆள் வீட்டுக்குப் போகும்வரை நாள் மாறாது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி என்றால் எங்களுக்கு அது முந்தின நாளின் இருபத்தாறு மணி. மெயில் அனுப்பும் புரோகிராமையும் அப்படியே எழுத வைத்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற என் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "இருபத்தாறை இருபத்திரண்டுன்னு மாத்திடேன். ராத்திரி பத்து மணிக்கே சொல்லிட்டாருன்னு ஆகிடும். ரெண்டு மணிக்கு அனுப்பினா எவன் முழிச்சிருந்து படிப்பான்?"

"செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிதான் உண்மை, அக்கா. ஒரு எழுத்தைத் தொட்டாலும் எல்லாமே பொய்யாயிடும்."

"உன் புருஷன் வேலையா போகுது? பேசமாட்டே?" தங்கை அழுதுகொண்டே வெளியேறினாள். நானும் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். கொக்கி திரும்பவே இல்லை. மற்ற இரவு மெயில்களைத் தேடித் தேடிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விசாரணையில் மேனேஜரின் வக்கீல் சிரித்தார். "இருபத்தாறு மணியா? உங்க ஊர் கடிகாரத்துக்கு எத்தனை முள்ளு?"

மாப்பிள்ளை தலையைத் தொங்கப்போட்டார். கொக்கி ஒரு கட்டுக் காகிதத்தை விசாரணை அதிகாரி முன் வைத்தாள். "எங்க ராத்திரி மெயில் எல்லாத்துலயும் இதே கூத்துதான் சார். ஆனா ஒவ்வொண்ணுலயும் வழியில வாங்கின மெயில் கம்பெனி தன் நேரத்தையும் முத்திரையா குத்தியிருக்கு. எல்லாமே மறுநாள் விடியற்காலை. அவங்களையே கேளுங்க."

கேட்டார்கள். பதில் வரும்வரை மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பிய்த்தே விட்டார். வந்தது: செவ்வாய், இரண்டு மணி பதினொரு நிமிடத்துக்கு மேனேஜரின் பெட்டியில் மெயில் சேர்ந்துவிட்டது. பத்து மணி என்று நாங்கள் மாற்றியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்போம். காலையில் மெயிலைப் பார்க்காமல் லிஃப்டை ஓட்டச் சொன்னதை மேனேஜர் ஒப்புக்கொண்டார். லைசென்ஸ் தப்பியது.

புது மெஷின் இப்போது இருபத்தாறைக் கண்டால் மறுநாளில் சேர்க்கிறது, பழைய வரியைத் தொடுவதில்லை. மெஷின்தான் என் சட்டத்தைக் கற்றுக்கொண்டது. நான் ஏன் மாற்ற வேண்டும்?

லைசென்ஸ் தப்பிய அன்று மாலை தங்கை ஒரு டப்பா நிறைய இனிப்போடு வந்து கொக்கியிடம் நீட்டினாள்.

கொக்கி சிரித்தாள். "கொடுங்க அக்கா. மேசையில மட்டும் வச்சிடாதீங்க."