பேட்டரியைக் கழற்ற மறந்த படிப்பாளி

"உனக்குப் பேனாதான் லாயக்கு, மெஷின்லாம் இன்னாத்துக்குடி?" என்று சிரித்தாள், பெரியப்பா மகள் செல்வி அக்கா. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஆனால் புயலில் சாய்ந்த முருங்கை மரங்களைப் பேட்டரி ரம்பத்தால் அறுக்க, பாகூரில் எங்கள் தெருவே அவளைத்தான் கூப்பிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

அவள் சாப்பிடப் போனபோது ரம்பத்தை எடுத்து ஒரு கிளையை அறுத்தேன். ரம்பத்தின் பற்சங்கிலியில் நார் சிக்கியது. இடது கையால் அதை இழுக்கையில், பிடியில் இருந்த வலது கை விசையை அழுத்திவிட்டது. சுடிதாரின் கைப்பகுதி கிழிந்தது, விரல் தப்பியது.

அக்கா ஓடிவந்து பேட்டரியை உருவினாள். "செயின தொடறதுக்கு முன்ன பேட்டரிய கழட்டணும்னு, வாங்குன அன்னைக்கு நீதானடி படிச்சுக் காட்டுன!"

இப்போது கழற்றிய பிறகே சங்கிலியைத் தொடுகிறேன். பொறாமை போகவில்லை. அவளிடமே கேட்டுப் பழகி, நேற்று என் முதல் மரத்தை அறுத்துவிட்டேன்.