இருட்டறையில் மினுங்கிய ஜெபமாலை

பிரிஸில்லா அக்காவை நான் முதலில் பார்த்தது எங்கள் பெங்களூரு ஆய்வுக்கூடத்தின் இருட்டறை வாசலில். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்கிற மிடுக்கோடு நுழையப் போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"போனை வெளிய வை தம்பி. வாச்சும். நீ எம்மெஸ்ஸியா இருக்கலாம், ஈக்கு அதெல்லாம் தெரியாது. வெளிச்சம்தான் தெரியும்."

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். பத்து வருடமாக ஆண்டு ஒப்பந்தத்தில் டெக்னீஷியன். மகளின் நர்சிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது.

பழ ஈயின் கண்ணில் வெளிச்சம் பட்டதும் ஒரு நொதி, செல்லின் சவ்விலிருக்கும் ஒரு கொழுப்பை வெட்டுகிறது. 'வெளிச்சம் வந்தது' என்ற சேதி செல்லுக்குள் போவது அந்த வெட்டால்தான். வெட்டியதைத் திரும்பக் கட்டுவது வேறு நொதி. கட்டும் நொதி குறைந்ததால் வெட்டுப்பட்ட கொழுப்பு சீக்கிரம் நிரம்பாத ஈக்களை, அவற்றின் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு விளக்கில் பிடித்து, கொழுப்பைப் பிரித்தெடுப்பது அக்காவின் வேலை. இருட்டில் எடுத்தால் கொழுப்பு குறையாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பிப்ரவரியில் அக்காவின் குழாய்களில் மட்டும் குறைந்தது.

"கை ஸ்லோ ஆயிடுச்சா பிரிஸில்லா? இப்படியே வந்தா கான்ட்ராக்ட் ரினியூவலுக்கு நான் என்னன்னு எழுதறது?" என்றார் எங்கள் தலைவர் டிரேவர் சார்.

"கை ஸ்லோன்னா ரயில்ல எனக்கு சீட்டே கெடைக்காது சார்" என்று சிரித்தார் அக்கா. அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

மறுநாள் உதவிக்கு நானும் உள்ளே போனேன். கண் பழகியதும் பார்த்தேன்: அவர் குனியும்போதெல்லாம் காலருக்குள் ஏதோ பச்சையாக மினுங்கியது. ஈக்கள் ஒரு சாண் தூரத்தில்.

"அக்கா, கழுத்துல என்ன?"

"ஜெபமாலைப்பா. பொங்கல் லீவுல மக வேளாங்கண்ணிலருந்து வாங்கியாந்தா. ரயில்ல சொல்லிக்கினே..." பேச்சு நின்றது. "அய்யோ மாதாவே, ரேடியம்! ஊர்ல இருக்கிறவங்க போனெல்லாம் புடுங்கி வெச்சேனே!"

"கழட்டிடுங்க. சாருக்குத் தெரிய வேணாம்."

"இன்னா பேசற நீ? மூணு வாரத்துத் தப்பு நம்பர் நோட்டுல கீது. வேல போனாலும் அது அப்படியே கெடக்கக் கூடாது."

அன்றே பாதி ஈக்களை மாலையோடும் பாதியை மாலை இல்லாமலும் எடுத்தார். நோட்டிலும் அப்படியே எழுதினார். மாலை இல்லாத குழாய்களில் கொழுப்பு முழுசாக இருந்தது.

நோட்டை டிரேவர் சாரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். சார் இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவு சின்ன வெளிச்சமே போதுமா அதுக்கு?"

"போதும்னுதான் சார் தெரியுது."

சார் மூன்று வாரக் கணக்கை அடித்துவிட்டு, ரினியூவல் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பிரிஸில்லா அக்கா இன்றும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை செய்கிறார். இருட்டறை வாசலில் ஓர் ஆணி அடித்திருக்கிறோம். அவர் உள்ளே இருக்கும்போது ஜெபமாலை அதில் தொங்கும்.